பங்கில் விட்டுப்போனது

பெங்களூரிலிருந்து மகிழினி கூப்பிட்டபோது நான் ஆபீஸ் குழாயடியில் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஈரக் கையோடு போனை எடுத்தேன்.

“ஒரே ஒரு கட்டம் நிரப்பாம இருக்கு, காலித். ஜஸீமாவோட சட்டப்படியான வாரிசு யாரு?”

“நான்தான்.”

“நீங்க மட்டுமா?”

குழாயை மூடினேன். மகிழினி வக்கீல். கன்டெய்னர் முனையங்களின் கேட்டுகளுக்கு மென்பொருள் செய்துதரும் ஒரு கம்பெனியில் வேலை. பத்து நாள் பழக்கம், அதுவும் போனில் மட்டும். எதையும் இரண்டு தடவை கேட்பார்.

“அவ லேப்டாப் என் பங்குல வந்துச்சு” என்றேன்.

“லேப்டாப் வேற. அவங்க எழுதின கோட் வேற. அதோட காபிரைட் அவங்களுக்குச் சொந்தம். உங்க குடும்பத்துல சொத்து எப்படிப் பிரியுமோ அப்படித்தான் அதுவும் பிரியும். பங்கு இருக்கற எல்லாரும் சம்மதிச்சாத்தான் நீங்க அதுக்கு லைசென்ஸ் போட முடியும். வெள்ளிக்கிழமைக்குள்ள தெரிஞ்சா நல்லது.”

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்த மறுநாளே பங்கு பிரித்திருந்தோம். பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்து உட்கார்ந்து சொன்னார். பிள்ளை இல்லை; அதனால் கணவனுக்குப் பாதி. தாய் முன்பே மௌத்தாகிவிட்டதால் மிச்சம் முழுக்கத் தகப்பனுக்கு. டிரெய்லர் ஓட்டும் என் மாமனார் லியாகத் அலி ஒரு பழைய டிரிப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொன்றாக எழுதினார். அவள் நகை, ஸ்கூட்டி, தையல் மெஷின், பீரோ. ஸ்கூட்டியை அவர் என் பக்கம் தள்ளினார். தையல் மெஷினை நான் அவர் பக்கம் தள்ளினேன். லேப்டாப்பை யாரும் எதுவும் சொல்வதற்கு முன்பே எடுத்து என் முழங்காலுக்கு அருகில் வைத்தார். “இதுக்குள்ள கீறது ஒனக்குத்தான் புரியும்” என்றார். ஹஜ்ரத் துஆ ஓதினார். எல்லாம் பிரித்தாயிற்று என்று எழுந்தோம். ஜஸீமா இருபத்தெட்டு வயதுக்குள் செய்த பெரிய காரியம் எதுவோ, அது அந்த நோட்டில் ஏறவில்லை. மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதற்குப் பெயர் ‘பெட்டி’. டிரெய்லர் ஓட்டுகிறவர்கள் கன்டெய்னரைப் பெட்டி என்றுதான் சொல்வார்கள். அது ஒரு லைப்ரரி. அதாவது தனியாக ஓடும் மென்பொருள் அல்ல, மற்றவர்கள் தங்கள் மென்பொருளுக்குள் பொருத்திக்கொள்ளும் ஒரு பாகம். ஒவ்வொரு கன்டெய்னரின் கதவிலும் நான்கு எழுத்து, ஆறு எண், கடைசியில் கட்டம் போட்டு இன்னொரு எண் இருக்கும். அந்தக் கடைசி எண் ஒரு காவல்காரன். முன்னால் இருக்கும் பத்தையும் ஒரு கணக்கில் போட்டால் அந்த எண் வர வேண்டும். வரவில்லை என்றால் எங்கோ தப்பு. தப்பு என்று சொல்வதற்கு உலகத்தில் நூறு மென்பொருள் உண்டு. எங்கே தப்பு என்று சொல்வதற்குத்தான் ஜஸீமா எழுதினாள். துரு ஏறிய பெட்டியில் 8-இன் இடது பக்கம் உதிர்ந்தால் அது 3 ஆகத் தெரியும். ஈரத்தில் B-யின் நடுக்கோடு கரையும். டிரைவர் போனில் எடுத்த படம் ஒன்றைக் கொடுத்தால் ‘பெட்டி’ எந்த எழுத்தைச் சந்தேகப்பட வேண்டும் என்று வரிசைப்படுத்தி, மாற்றிப் பார்த்து, சரியான எண்ணைச் சொல்லிவிடும்.

இது தொடங்கியது நாங்கள் பெண் கேட்டுப் போன நாளில். தண்டையார்பேட்டையில் அவர்கள் வீட்டில் என் அம்மா, சித்தி, நான் மூவரும் பிஸ்கட் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பெண்ணின் தகப்பனைக் காணவில்லை. ஒரு மணி நேரம் கழித்து ஜஸீமாவே வெளியே வந்து என் அம்மாவிடம் சொன்னாள். “அத்தா ஹார்பர் கேட்டாண்ட மாட்டிகினு கீறாரு. பெட்டி நம்பர்ல ஒண்ணு தப்பா எழுதிட்டாங்களாம். திருப்பி அனுப்சுட்டாங்க. நீங்க என்னாண்டயே பேசுங்க.” என் சித்திக்கு மயக்கம் வராத குறை. அவள் அத்தா வந்து சேர மறுநாள் காலை ஆனது. ஒரே ஒரு எண்ணுக்காகப் பத்தொன்பது மணி நேரம். அந்த வாரமே அவள் எழுத ஆரம்பித்தாள். கல்லூரியில் என் கூடத்தான் படித்தாள். நான் பரீட்சைக்கு எழுதுகிற புரோகிராமை அவள் கோபத்தில் எழுதுவாள்.

எழுதி இணையத்தில் எல்லாரும் பார்க்கும்படி வைத்தாள். உரிமம் மட்டும் போடவில்லை. மறந்தாளா, தள்ளிப்போட்டாளா, தெரியாது. கேட்டதில்லை. உரிமம் எழுதி வைக்காத கோட், கதவு திறந்திருக்கும் யாரோ ஒருவருடைய வீடு மாதிரி. எட்டிப் பார்க்கலாம். பொருளை எடுக்க முடியாது. ஒழுங்கான இடத்தில் வேலை செய்கிறவர்கள் தொடமாட்டார்கள்.

அவள் போனபின் அதைப் பராமரிப்பவன் நான். பராமரிப்பு என்றால் கடிதங்களுக்குப் பதில் போடுவது. தூத்துக்குடியில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை செய்யும் இசக்கியம்மாள் என்ற பெண் மாதம் தவறாமல் எழுதுவார். ‘அண்ணே, லைசென்சு பைலு ஒண்ணு போட்டுருங்களேன். இல்லாம மேனேஜர் விடமாட்டேங்காவ.’ ஐந்து மாதம் முன்பு பதிமூன்று வரி கோட் அவரே எழுதி அனுப்பியிருந்தார், உப்புக் காற்றில் வெளுத்த நீலப் பெட்டிகளுக்கு. ‘நன்றி. பார்க்கிறேன்’ என்று பதில் போட்டேன். பார்க்கவில்லை. அந்தப் பக்கத்தைத் திறந்தால் மேலேயே ஜஸீமாவின் கடைசிப் பதிவு நிற்கும். ஒவ்வொரு தடவை கோட் மாற்றும்போதும் என்ன மாற்றினோம் என்று ஒரு வரி எழுதிவைக்க வேண்டும். அவள் எழுதியிருந்தது: ‘5-க்கும் S-க்கும் பாதி ஆச்சு. மீதி நாளைக்கு.’ மறுநாள் சுரம். டெங்கு. நான்கு நாள்.

புதிதாக எதைச் சேர்த்தாலும் அந்த வரி ஒரு படி கீழே இறங்கிவிடும். பதினோரு மாதமாக நான் எதையும் சேர்க்கவில்லை.

மகிழினியின் கம்பெனிக்கு வேண்டியது எம்.ஐ.டி. என்ற உரிமம். உலகத்திலேயே சுலபமானது, அரைப் பக்கம். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், தன் பொருளுக்குள் வைத்து மூடிவிடலாம். எழுதியவர் பெயரை மட்டும் எங்காவது ஒரு மூலையில் வைத்திருக்க வேண்டும். அது கிடைத்தால் பதினோரு முனையங்களின் கேட்டுகளில் ‘பெட்டி’ ஓடும் என்றார். இன்னொன்று ஜி.பி.எல். அதிலும் யாரும் எடுக்கலாம், மாற்றலாம். ஆனால் மாற்றியதை அடுத்தவனுக்குக் கொடுக்கும்போது மாற்றிய கோட் முழுவதையும் திறந்து கொடுக்க வேண்டும், இதே உரிமத்தோடு. அதைப் போட்டால் கம்பெனி தொடாது. நான் எம்.ஐ.டி. என்று முடிவு செய்திருந்தேன். பதினோரு கேட்டு. நினைக்கும்போது நெஞ்சில் ஏதோ ஒன்று லேசாக நிமிர்ந்தது. ரொம்ப நாளாக அங்கே எதுவும் அசைந்ததில்லை. முடித்துவிட்டால் அந்தப் பக்கத்தைத் திறக்கவும் வேண்டியிருக்காது. அதுவும் ஒரு காரணம். மறைக்க ஒன்றுமில்லை.

மாமாவுக்குப் போன் செய்தேன். மூன்று மாதம் ஆகியிருந்தது. ஒருவர் முகத்தில் இன்னொருவர் அவளைத் தேடுவதால் நாங்கள் ஒருவரையொருவர் தவிர்த்து வந்தோம்.

“ஒரு கையெழுத்து வேணும் மாமா.”

“நாளிக்கு லோடு கீது. மத்தியானம் எக்ஸ்பிரஸ் ரோட்ல லைன்ல நிப்பேன். அங்க வா. வரும்போது வெத்தல வாங்கிகினு வா.”

திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகக் கேட்டுக்குக் காத்து டிரெய்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றிருந்தன. கடலரிப்புக்குக் கொட்டிய பாறைகள் ஒரு பக்கம். மறுபக்கம் வீடுகள், வெல்டிங் கடைகள், நிலக்கரித் தூள் படிந்த செடிகள். மாமாவின் வண்டியை அடையாளம் கண்டுபிடிக்கச் சிரமம் இல்லை. முன்கண்ணாடிக்கு மேல் ‘ஜஸீமா’ என்று பச்சையில் எழுதியிருக்கும். அவள் பிறந்த வருடம் எழுதியது, வண்டி மாறினாலும் எழுத்து மாறுவதில்லை. இடது பக்கம் ஏறி உட்கார்ந்தேன். கடல் என் ஜன்னலில் இருந்தது. அவர் இளைத்திருந்தார். நானும் இளைத்திருப்பேன்.

“எங்க போடணும்?” என்று பேனாவைத் திறந்தார்.

“என்னன்னு கேக்கமாட்டீங்களா?”

“நீ எடுத்தாந்த. அப்பால இன்னா.”

சொன்னேன். லைப்ரரி, பங்கு, பாதி அவருக்குச் சொந்தம். எம்.ஐ.டி. என்றதும் நிமிர்ந்தார்.

“கொரோம்பேட்டயில கீதே, அந்தக் காலேஜா?”

“இல்ல மாமா. இது வேற.”

“தோ பாரு, ஒரு காலேஜுக்குக் குடுக்கறதுன்னா நான் சந்தோசமா குடுப்பேன்.” பேப்பரை ஸ்டியரிங் மேல் விரித்தார். பிறகு பேனாவை நிறுத்தினார். “ஒண்ணு சொல்லு. இதுல எனக்கு இன்னா பாதி? நான் இன்னா எழுதினேன்? நகை, பீரோ, சரி. இது அவ மண்டையில இருந்து வந்தது. அதுல எனக்கு எப்டி பங்கு வரும்?”

லேப்டாப்பைத் திறந்தேன். போனிலிருந்து இணையம் எடுத்து ஒரு ஃபைலைக் காட்டினேன். ஜஸீமாவின் கணக்கு எல்லாம் இந்த ஒரு அட்டவணையின் மேல்தான் நிற்கிறது. எந்த எழுத்து எப்படிக் கெடும், எத்தனை தடவை கெட்டது. இரண்டாயிரத்துச் சொச்சம் வரிகள். அதற்கு அவள் வைத்திருந்த பெயர் ‘அத்தா’.

“நீங்க அவளுக்கு வாட்ஸப்புல பெட்டி போட்டோ அனுப்புவீங்கல்ல.”

“சும்மா அனுப்பிகினு இருந்தேன். எங்க கீற, எங்க கீறன்னு கேட்டுகினே இருப்பா. பெட்டியப் புடிச்சு அனுப்சுட்டா நம்பரப் பார்த்து எந்த லோடுன்னு புரிஞ்சுப்பா.”

“ஒவ்வொரு வரியும் ஒரு போட்டோ மாமா.”

அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் ஜஸீமா தமிழில் குறிப்பு எழுதியிருந்தாள். ‘எர்ணாவூர் பாலத்தாண்ட, மழை.’ ‘மணலி, பெட்டி மேல எண்ணெய்.’ ‘காலைல ஆறு மணி, வெளிச்சம் பத்தல, அத்தா கை ஆடுது.’ விரலால் திரையைத் தள்ளித் தள்ளிப் படித்தார். ஒரு இடத்தில் சிரித்தார். “இந்தப் பாவி கப்பல்காரன் பெட்டி. பூரா துரு. கைய வெச்சா கைல வந்துடும்.” இன்னொரு இடத்தில் நிறுத்தினார். ‘ராயபுரம் மார்க்கெட். அத்தாவுக்கு சுகர், சாப்பிடாம நிக்கிறாரு.’ கண்ணாடியைக் கழற்றி லுங்கியில் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

“எம்மாம் வேலை செஞ்சுகீறா பாரு” என்றார். டிரைவர்களிடம் தன் வண்டியின் இழுவையைப் பற்றிச் சொல்வாரே, அந்தக் குரல். “நான் டிப்போல நின்னுகினு டீ குடிச்சிகினு எடுத்தது. அத்த இப்டி அடுக்கி வெச்சுகீறா.”

எம்.ஐ.டி. பேப்பரில் கையெழுத்துப் போட்டார். தமிழில், முழுப் பெயரும்.

அப்போதுதான் முன்னாலிருந்து ஒரு கூச்சல் வந்தது. எங்கள் முன் வண்டி டிரைவர் பாதி உடம்பை ஜன்னலுக்கு வெளியே நீட்டியிருந்தார். “கேட்டுல ரெண்டாம் லேன்ல காமிரா பூட்ச்சு! ஒண்ணுல ஏறு! பின்னாடி சொல்லு!”

மாமா பேனாவை அப்படியே போட்டுவிட்டு வெளியே எட்டி அதையே வார்த்தை மாறாமல் கத்தினார். நான் பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். பின்வண்டியில் ஒரு தலை வெளியே வந்தது. அது உள்ளே போக, அடுத்ததில் இன்னொரு தலை. அதற்குப் பின்னால் இன்னொன்று. சத்தம் கேட்கவில்லை. தலைகள் மட்டும் வெயிலில் ஒவ்வொன்றாக முளைத்து மறைந்து எண்ணூர் பக்கம் போயின.

“கேட்டவன் சொல்லித்தான் ஆவணுமா?” என்றேன்.

“ஆவணும்.”

“சொல்லலன்னா?”

“தோ வர்றான் பாரு, அவனக் கேளு.”

பின்வண்டி டிரைவர் இறங்கி எங்கள் கதவருகே வந்திருந்தார். வியாசர்பாடி அசோகன். மாமாவோடு பத்து வருடப் பழக்கம். வெற்றிலைக்குத்தான் கை நீட்டினார்.

“மாப்ள கேக்கறான். பின்னாடி சொல்லாம போனா இன்னா ஆவும்னு.”

“யோவ் பாய், இன்னும் எத்தினி வருசத்துக்குய்யா அத்த சொல்லிகினு இருப்ப?” அசோகன் என்னிடம் திரும்பினார். “ஒரே ஒரு தபா தம்பி. என் பொண்ணுக்கு அன்னிக்கு ஸ்கூல் ஆண்டு விழா. மூணாம் லேன் ஃப்ரீயா கீதுன்னு முன்ன கீறவன் சொன்னான். நான் சொல்லாம கம்முனு பூந்து போயிட்டேன்.”

“ரெண்டு மாசம் ஒருத்தன் வழி வுடல இவனுக்கு” என்றார் மாமா. “டீக்கடையில கிளாஸ் வாங்கினு தனியா நிப்பான், புது மருமவ மாதிரி.”

“ஆண்டு விழாவாவது பார்த்தீங்களா?” என்று கேட்டேன்.

“எங்க? டான்ஸ் முட்ஞ்சு போச்சு. பரிசு குடுத்துகினு இருந்தானுங்க.” வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நான் கையெழுத்துப் போட்ட பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோரு கேட்டுகளிலும் ‘பெட்டி’ ஓடும். ஓடும்போது புதுப்புதுத் தப்புகள் அகப்படும். கம்பெனியில் நல்ல ஆட்கள் இருப்பார்கள், சரி செய்வார்கள். சரி செய்ததைத் தங்கள் கேட்டுக்குள் வைத்துக்கொள்வார்கள். எம்.ஐ.டி. அதற்கு இடம் கொடுக்கிறது. பன்னிரண்டாவது கேட்டில் நிற்கிறவனுக்கு, தூத்துக்குடி யார்டில் நிற்கும் இசக்கியம்மாளுக்கு அது போய்ச் சேராது. இதெல்லாம் எனக்கு ஏற்கெனவே தெரியும். இரண்டு உரிமங்களையும் ஏழெட்டு தடவை படித்தவன். ஆனால் இந்த ரோட்டில் எடுத்த போட்டோக்களால் ஆன ஒன்றை, இந்த ரோட்டின் ஒரே சட்டத்தை மீறும்படி எழுதிக்கொடுக்கப் போகிறேன் என்பது இப்போதுதான் தெரிந்தது. அதே சமயம், கம்பெனி எடுக்காவிட்டால் இதை யார் எடுப்பார்கள்? அவள் இதை வைத்துச் செய்துகொடுத்த சின்ன ஆப்பை நாற்பது டிரைவர்கள் போனில் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நான்கைந்து வருடத்தில் யாருக்கும் தேவைப்படாமல் போகலாம். அவள் எழுதியதற்கு அதுவும் ஒரு மௌத்துதான்.

“மாமா, இது வேணாம்.”

“கையெழுத்து போட்டாச்சே.”

“கிழிச்சிடலாம். இன்னொண்ணு இருக்கு.” ஜி.பி.எல்.லைச் சொன்னேன். எடுத்துக்கொள்பவன் மாற்றினால் பின்னால் இருப்பவனுக்கும் சொல்ல வேண்டும். அப்படியே சொன்னேன். அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. “ஆனா இதப் போட்டா அந்தக் கம்பெனி வராது. பதினோரு கேட்டும் போயிடும்.”

“போனா?”

“அவங்களே ஒண்ணு எழுதிப்பாங்க. நம்மளுது சின்னதாவே நின்னுடலாம். செத்தும் போவலாம்.”

அவர் ரொம்ப நேரம் முன்வண்டியின் கதவைப் பார்த்தார். அங்கே ஒரு பெட்டி எண் இருந்தது. நாற்பது வருடம் அதைத்தான் பார்க்கிறார்.

“அவனுங்க எழுதுனா, இந்த மாதிரி வருமா?” லேப்டாப்பைக் காட்டினார்.

“தெரியல மாமா. அவங்களாண்ட நீங்க இல்ல.”

பேப்பரை நான்காகக் கிழித்து டேஷ்போர்டில் வெற்றிலைப் பொட்டலத்தின் கீழ் வைத்தார். ஜி.பி.எல்.லுக்குச் சம்மதம் என்று நான் வேறொரு தாளில் எழுதி நீட்ட, பேனாவைத் திறந்தார். “எங்க போடணும்?”

போட்டார்.

உரிமத்தின் தலையில் ஆண்டும் உரிமையாளர் பெயரும் எழுத வேண்டும். ஆண்டை எழுதிவிட்டு நின்றேன். கல்யாணத்துக்கு முன்னால் எழுதியது, பின்னால் எழுதியது, இரண்டும் உண்டு. ஜஸீமா லியாகத் அலி என்று போடவா, ஜஸீமா காலித் என்று போடவா? அவரிடமே கேட்டேன்.

“அவ இன்னா போட்டுகீறா?”

“எல்லா எடத்துலயும் வெறும் ஜஸீமாதான்.”

“அப்பால நாம யாரு ஒட்டறதுக்கு?”

ஜஸீமா என்று எழுதினேன். மாற்றத்துக்கான ஒரு வரிக் குறிப்பில் ‘உரிமம்’ என்று போட்டு அனுப்பினேன். பக்கம் புதுப்பித்துக்கொண்டது. ‘மீதி நாளைக்கு’ ஒரு படி கீழே இறங்கியது. எதுவும் நடக்கவில்லை. கடல் அப்படியே இருந்தது.

மகிழினிக்குப் போன் செய்தேன். கேட்டுவிட்டு வழக்கம்போல் இரண்டாவது முறையும் கேட்டார். “யோசிச்சுத்தான் சொல்றீங்களா?”

“ஆமா. ரெண்டு பங்குக்காரங்களும் சம்மதம்.”

“எங்க டீம் இத எடுக்காது, காலித். ஆறு மாசத்துல அவங்களே ஒண்ணு செஞ்சிடுவாங்க. அப்புறம் உங்களோடத யாரும் தேடமாட்டாங்க. நான் ஃப்ரெண்டா சொல்றேன்.”

“இருக்கலாம்.”

அவர் உடனே வைக்கவில்லை. “நான் அந்தக் கோட் முழுசையும் படிச்சேன். வக்கீலுக்கு அது வேலை இல்ல. ஒவ்வொரு நம்பருக்குப் பக்கத்துலயும் எந்த ரோடு, மழையா வெயிலான்னு... எங்க ஆபீஸ்ல நாலு பேர்கிட்ட காட்டினேன். யாரும் பேசல கொஞ்ச நேரம்.” பிறகு, “சரி, ஃபைல க்ளோஸ் பண்ணிடறேன்” என்று வைத்தார்.

மகிழினி சொன்னதை மாமா என்னை இரண்டு முறை சொல்லச் சொன்னார். நாலு பேரும் பேசலையா. பேசல மாமா. பெங்களூர்லயா. ஆமா. வண்டியை ஸ்டார்ட் செய்து இருபதடி நகர்த்தி நிறுத்தினார். ஹாரனை ஒரு தடவை காரணமில்லாமல் அழுத்தினார். முன்வண்டிக்காரர் எட்டிப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். மாமா சந்தோஷமாக அதைத் திருப்பிச் சொன்னார்.

லேப்டாப்பை மூடப் போகும்போது இசக்கியம்மாளின் கடிதம் வந்துவிட்டிருந்தது. ‘அண்ணே, லைசென்சு பாத்தேன். இதுன்னா சரிங்காவ மேனேஜர். நாளைலருந்து எங்க யார்டுல ஓடும். இனியாவது என் பதிமூணு வரியப் பாப்பியளா, இல்ல அதுக்கும் அஞ்சு மாசமா?’ பார்த்தேன். அங்கேயே, வண்டியில் உட்கார்ந்தபடி. நன்றாக எழுதியிருந்தார். இரண்டு இடத்தில் கேள்வி கேட்டேன், உடனே பதில் வந்தது, சேர்த்துக்கொண்டேன். திரையில் ஜஸீமாவுக்கு மேல் என் பெயர், அதற்கு மேல் இசக்கியம்மாளின் பெயர்.

மணி மூன்று இருக்கும். அசோகன் மறுபடி வந்தார். இந்தத் தடவை வெற்றிலைக்கு இல்லை. போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

“தம்பி, பாய் பொண்ணுது என் பெட்டிய ஒத்துக்கல. நாலு தபா புடிச்சுட்டேன். பன்னெண்டு எழுத்து கீதுங்குது. எண்ணிப் பார்த்தா பதினொண்ணுதான் கீது. கேட்டுல போயி பேஜாராயிடும்.”

இறங்கிப் போய்ப் பார்த்தேன். பழுது பார்த்த பெட்டி. கதவில் ஒரு தகடு புதிதாக வெல்டு வைத்து, அதன் மேல் மட்டும் எண் வெட்டிய ஸ்டென்சில் அட்டையை வைத்துப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். ஸ்டென்சிலில் அடித்த சுழி, அதாவது 0, மேலேயும் கீழேயும் ஒட்டாது. நடுவில் இடைவெளி விட்டு இரண்டு பிறைகளாக நிற்கும். ‘பெட்டி’ ஒரு சுழியை இரண்டு ஒன்றுகளாகப் படித்திருந்தது. ‘அத்தா’ அட்டவணையில் இது இல்லை. இரண்டாயிரம் பெட்டிகளில் மாமாவுக்கு ஒரு ஸ்டென்சில் பெட்டிகூட மாட்டவில்லை போலிருக்கிறது. ஜஸீமா இதைப் பார்த்ததே இல்லை.

பார்த்திருந்தால் என்ன செய்திருப்பாள் என்று ஒரு நிமிடம் யோசித்தேன். எண் கூடுதலாக வந்தால் பக்கத்துப் பக்கத்து எண்களை ஒட்டிப் பார்க்கச் சொல்லியிருப்பாள். அல்லது வேறேதாவது. தெரியவில்லை. எனக்குத் தோன்றியது இதுதான்.

கதவுக்கு நேரே, கடல் பக்கம், ஒரு பாறையின் மேல் அசோகனின் டிரெய்லர் நிழலில் உட்கார்ந்து லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டேன். முதல் வரி வர நேரமானது. விரல்களுக்கு மறந்திருந்தது. இரண்டாவது வரியை அழித்து மறுபடி எழுதினேன். எங்கிருந்தோ இன்னும் இரண்டு டிரைவர்கள் வந்து பின்னால் நின்றார்கள். “இன்னா பண்றாரு?” என்று ஒருவர் கேட்டார். “லியாகத் பாய் மருமவன். பெட்டிய ரிப்பேர் பண்றாரு” என்றார் அசோகன். “பொண்ணு செஞ்சதாச்சே அது?” “ஆமா. பொண்ணு செஞ்சது.”

அட்டவணையில் ஒரு புது வரி சேர்த்தேன். பக்கத்தில் குறிப்பு எழுத வேண்டும். ‘எக்ஸ்பிரஸ் ரோடு, வெயில்’ என்று எழுதினேன். அசோகன் போனைக் காட்டிக் கேட்டார், தன் பெயரும் அதில் வருமா என்று. ‘அசோகன் பெட்டி’ என்று சேர்த்தேன்.

முன்னால் வரிசை நகர்ந்தது. மாமா தன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். அசோகன் ஓடிப்போய் ஏறினார். அவர் டிரெய்லர் மெதுவாக நகர, நிழலும் கூடவே நகர்ந்து, திரையில் வெயில் விழுந்து எழுத்துகள் மறைந்தன. கையால் மறைத்துக்கொண்டு தட்டினேன். பிறகு பின்னாலிருந்த வண்டி வந்து நின்றது. மறுபடி எழுத்துகள் தெரிந்தன. அது போக, அடுத்தது வந்தது.